அல்சருக்குக் கரண்ட் வைப்பார்களா?

எங்கள் பக்கத்தில் ஒருவருக்குப் புற்றுநோய் வந்தால், அதைக் கடைசியாகத் தெரிந்துகொள்பவர் பெரும்பாலும் அந்த நோயாளிதான். மகனுக்குத் தெரியும், மருமகளுக்குத் தெரியும், ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போன பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியும், கடைவீதியில் பாதிப் பேருக்குத் தெரியும். அவருக்கு மட்டும் அது ‘குடல்புண்’, இல்லையென்றால் ‘சின்னக் கட்டி’. நான் வளர்ந்ததே இந்தப் பேச்சுக்கு நடுவில்தான். மருத்துவம் படிக்கப் போன பிறகு வார்டிலும் அதையேதான் பார்த்தேன். பயாப்ஸி ரிசல்ட் வந்ததும் முதலில் எழும் கேள்வி, “கூட யார் வந்திருக்காங்க?” கட்டிலில் படுத்திருப்பவர் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருப்பார்.

இறுதி ஆண்டுப் பரீட்சை முடிந்து ஹவுஸ் சர்ஜன் ஆகப்போகிற நேரம் இது. இத்தனை வருடப் படிப்பில் எதை விடாமல் பிடித்துக்கொள்ளப் போகிறேன் என்று யோசித்தால் ஒரே ஒரு விஷயம்தான் திரும்பத் திரும்ப வருகிறது. நோய் யாருடையதோ, அவரிடம் முதலில் கேட்க வேண்டும். உங்களுக்கு என்ன தெரியும், இன்னும் எவ்வளவு தெரிந்துகொள்ள விருப்பம், பேசும்போது யார் கூட இருக்கட்டும் என்று கேட்க வேண்டும். இதை நான் கற்றுக்கொண்டது ஒரு பஞ்சாயத்து பாலியேட்டிவ் நர்ஸிடம், அதாவது தீராத நோயாளிகளின் வலியையும் தொந்தரவையும் குறைக்க வீடு தேடி வருபவரிடம்.

எங்கள் ஊர் பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், சித்தூர் தாலுகாவில் இருக்கிறது. கொழிஞ்சாம்பாறை, வடகரைப்பதி, எருத்தேம்பதி என்று வரிசையாகத் தமிழ் பேசும் ஊர்கள். 1956-ல் மாநிலங்களைப் பிரித்தபோது கேரளாவுக்குள் வந்துவிட்டோம். தென்னந்தோப்பும் கள்ளும் நிலக்கடலையும்தான் பிழைப்பு. ஆழியாற்றுத் தண்ணீர் எப்போது வரும் என்பதுதான் முக்கால்வாசி நாள் பேச்சு. பஞ்சாயத்து ஆபீஸில் மலையாளம், வீட்டில் கொங்குத் தமிழ். உடம்புக்கு முடியவில்லை என்றால், சந்தைக்குப் போகிற அதே பஸ்ஸில் பொள்ளாச்சிக்கோ கோயமுத்தூருக்கோ போவார்கள். அங்கே ஆபரேஷன், கீமோ எல்லாம் முடிந்து, “இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லிவிட்டால் செக்போஸ்ட்டைத் தாண்டித் திரும்பி வருவார்கள். அதற்குப் பிறகு அவர்களைப் பார்க்க வருவது கேரளப் பஞ்சாயத்தின் நர்ஸ்தான்.

இந்த நர்ஸ் ஏன் அங்கே இருக்கிறார் என்பதற்குக் கொஞ்சம் வரலாறு உண்டு. 1993-ல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் மயக்கவியல் டாக்டர்களான எம்.ஆர். ராஜகோபாலும் சுரேஷ் குமாரும் நண்பர்களோடு சேர்ந்து வலி நிவாரணத்துக்காக ஒரு சங்கம் தொடங்கினார்கள். ஆஸ்பத்திரிக்கு வர முடியாதவர்களின் வீடுகளுக்கு அது போகத் தொடங்கியது. ஆசிரியர்களும் கடைக்காரர்களும் ஆட்டோ ஓட்டுபவர்களும் தொண்டர்களாகச் சேர்ந்தார்கள். 2008-ல் கேரள அரசு பாலியேட்டிவ் கேருக்கென்று தனிக் கொள்கை கொண்டுவந்தது. இந்தியாவில் ஒரு மாநிலம் இப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை. பஞ்சாயத்துகளும் நகராட்சிகளும் தங்கள் பணத்தில் நர்ஸ் வைத்து, படுக்கையில் கிடப்பவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் ஏற்பாடு அதன் வழியாகத்தான் நிலைத்தது. இதற்காகக் கேரளா எவ்வளவு பெருமைப்பட்டாலும் தகும். என் மாநிலம் என்பதற்காகச் சொல்லவில்லை, நர்ஸ் வீடு வீடாகப் போகும் ஜீப்பின் பின்சீட்டில் உட்கார்ந்து போய்ப் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

நர்ஸை சிஸ்டர் என்றே சொல்கிறேன், பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நோயாளிகளின் விவரங்களையும் ஆள் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன். கம்யூனிட்டி மெடிசின் போஸ்டிங்கில்தான் அவரோடு முதலில் போனேன். அப்புறம் லீவுக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் போனேன். அவருடைய பையில் பெரிதாக எதுவும் இருக்காது. பி.பி. கருவி, யூரின் டியூப், டிரெஸ்ஸிங் சாமான்கள், மலச்சிக்கல் மாத்திரை. மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்து ஒரு டப்பாவில் வைத்திருப்பார். அழுகி நாற்றமடிக்கும் புற்றுப் புண்ணில் அதைத் தூவிக் கட்டினால் சில நாளில் நாற்றம் குறைந்துவிடும். நாற்றம் குறைந்தால் பேரப்பிள்ளைகள் மறுபடியும் அந்த அறைக்குள் வருவார்கள். பார்மகாலஜியில் அந்த மருந்தைப் பல பக்கம் படித்திருக்கிறேன். அது ஒரு பாட்டியிடம் அவருடைய பேரனைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும் என்பதை அந்த வீடுகளில்தான் பார்த்தேன்.

ஒரு வீட்டைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன். பெரியவருக்கு எழுபது வயதுக்கு மேல். தோப்பைக் கள் இறக்கக் குத்தகைக்கு விட்டிருந்தார். உணவுக்குழாயில் புற்றுநோய், அடைப்புக்கு ஸ்டென்ட் என்ற சின்னக் குழாய் வைத்தாகிவிட்டது. நாங்கள் போனபோது மகன் கேட்டருகிலேயே நின்றிருந்தார். “சிஸ்டர், அப்பாகிட்ட ஒண்ணும் சொல்லிப்போடாதீங்க. அல்சர்னுதான் சொல்லி வெச்சிருக்கறோம். தெரிஞ்சா தாங்கமாட்டாருங்க.”

இந்த இடத்தில் என்ன செய்வது என்று எங்களுக்கு வகுப்பில் சொல்லித்தந்திருக்கிறார்கள். 2019-ல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் மாறியபோது ஏட்காம் என்று ஒரு பகுதி வந்தது. மருத்துவ நெறி, நோயாளியோடு பேசும் முறை எல்லாம் அதில் உண்டு. கெட்ட செய்தி சொல்வதற்கு ஸ்பைக்ஸ் என்று ஆறு படி வைத்திருக்கிறார்கள். பரீட்சையில் ஆறையும் வரிசையாக எழுதிவிடலாம். ஆனால் கேட்டருகில் கண் சிவந்து நிற்கும் மகன் அந்த ஆறு படியில் எங்கே வருகிறார்? ‘நோயாளியின் உரிமை’ என்று அவரிடம் சட்டம் பேச முடியுமா? அப்பாவின் வைத்தியத்துக்காக மனைவியின் நகையை அடகு வைத்தவர் அவர். ராத்திரி எழுந்து வாந்தியைத் துடைப்பவரும் அவர்தான்.

சிஸ்டர் அவரோடு வாதாடவில்லை. கேட்டைப் பிடித்தபடியே, “அப்பாவுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்னு பயப்படறீங்க?” என்று கேட்டார். மகன் ரொம்ப நேரம் பேசினார். தூரத்துச் சொந்தத்தில் ஒருவர் இப்படித் தெரிந்துகொண்டு சாப்பாட்டை நிறுத்திவிட்டாராம். எல்லாவற்றையும் கேட்டு முடித்த பிறகு சிஸ்டர் இரண்டே வாக்கியம் சொன்னார். “நானா எதுவும் சொல்லமாட்டேன். அவரே கேட்டா பொய் சொல்லமாட்டேன்.” மகன் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையசைத்தார்.

உள்ளே போனதும் சிஸ்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். என்னையும் உட்காரச் சொன்னார். வலி எவ்வளவு என்று கேட்பதற்கு அவரிடம் ஒரு முறை உண்டு. “இருக்கறதுலயே பெரிய வலி ஒரு ரூபான்னா, இப்ப எத்தனை பைசா இருக்கு?” பெரியவர் உடனே கணக்குச் சொன்னார். “பகல்ல எட்டணாங்க. ராத்திரிக்கு முழு ரூபாயும் வந்துருது.” நாங்கள் வார்டில் பத்துக்கு எவ்வளவு என்று கேட்போம். பாதிப் பேர் ‘வலிக்குது டாக்டர்’ என்பதோடு நிறுத்திவிடுவார்கள். அடுத்து, சாப்பாடு, தூக்கம், வெளிக்குப் போவது எல்லாம் விசாரித்துவிட்டு சிஸ்டர் கேட்டார்: “உங்க நோவைப் பத்தி நீங்க என்ன நினைக்கறீங்க?”

பெரியவர் வாசல் பக்கம் பார்த்தார். மகன் அங்கே இல்லை என்று உறுதி செய்துகொண்டு, என்னைப் பார்த்துத்தான் கேட்டார். “ஏன் கண்ணு, நீ டாக்டருக்குப் படிக்கறயல்ல? அல்சருக்குக் கரண்ட் வைப்பாங்களா?”

கதிர்வீச்சு சிகிச்சையைத்தான் எங்கள் ஊரில் கரண்ட் வைப்பது என்பார்கள். கோயமுத்தூரில் அவர் அந்த வரிசையில் உட்கார்ந்திருந்தபோது பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் என்ன நோய்க்காக வந்தார்கள் என்று அவருக்குத் தெரியாதா? எழுதப் படிக்கத் தெரிந்தவர், போர்டைப் படித்திருக்கிறார். மாதக்கணக்கில் எல்லாம் தெரிந்தே இருந்திருக்கிறார். “பையன் தாங்கமாட்டான் கண்ணு. அவனுக்காகத்தான் தெரியாத மாதிரியே இருந்துக்கறேன்.” மகன் சொன்ன அதே வார்த்தை.

இத்தனை மாதம் அவர் பேசாமல் வைத்திருந்தது என்ன தெரியுமா? கூட்டுறவு வங்கியில் ஒரு கடன், அது மகனுக்குத் தெரியாது. குத்தகைக் கணக்கில் அவருக்கு வரவேண்டிய பாக்கி. உடுமலைப்பேட்டையில் இருக்கும் தங்கச்சியோடு ஒரு பாகப்பிரிவினைச் சண்டை, பேச்சுவார்த்தை இல்லாமல் பல வருடம் ஆகிவிட்டது. இதையெல்லாம் அல்சர்காரர் ஒருவர் அவசரமாக எடுத்துப் பேச முடியாது. நோயை மறைத்ததில் அவருடைய கடைசி வேலைகள் அத்தனையும் நின்றுபோயிருந்தன.

“பையனை உள்ள கூப்பிடட்டுமா?” என்று சிஸ்டர் அனுமதி கேட்டார். “கூப்பிடுங்க” என்று பெரியவர் சொன்ன பிறகுதான் கூப்பிட்டார். அந்த உரையாடல் சுலபமாக இருக்கவில்லை. மகன் பாதியில் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். சிஸ்டர் பின்னால் போகவில்லை. மருமகள் போனார். நாங்கள் கிளம்பும்போதும் அவர் திரும்பி வந்திருக்கவில்லை. அடுத்த தடவை நான் போனபோது தங்கச்சி வந்து பெரியவரின் கட்டிலருகே உட்கார்ந்திருந்தார், வங்கிக் கடன் பாஸ்புக் மகன் கையில் இருந்தது. அவர்களுக்குள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்கிற உரிமையும் எனக்கு இல்லை.

வலிக்கு மார்ஃபின் ஆரம்பித்திருந்தார்கள், அபினிலிருந்து எடுக்கும் வலி மருந்து அது. இதைப் பற்றி எழுதாமல் போக மனம் வரவில்லை. மார்ஃபின் என்றாலே ‘கடைசி மருந்து’, ‘போதை’, ‘ஆளை முடித்துவிடும்’ என்ற பயம் படித்தவர்களிடமும் இருக்கிறது. புற்றுநோய் வலிக்குப் படிப்படியாக மருந்தைக் கூட்டும் முறையை உலக சுகாதார நிறுவனம் 1986-லேயே வெளியிட்டுவிட்டது. அதன் மேல்படியில் இருப்பது வாய்வழி மார்ஃபின். ஆனால் அதற்கு முந்தைய வருடம், 1985-ல், நம் நாட்டில் போதைப்பொருள் தடைச் சட்டம் வந்திருந்தது. கடும் தண்டனை, ஒன்றுக்கு மேல் ஒன்றாக லைசென்ஸ். அந்தச் சிக்கலுக்குப் பயந்து பல ஆஸ்பத்திரிகளும் மருந்துக்கடைகளும் மார்ஃபின் வைப்பதையே விட்டுவிட்டன. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசு அனுமதியோடு அபின் விளைகிற நாடு இது. அதே நாட்டில் புற்றுநோயாளி வலியில் துடித்தார். 2014-ல்தான் சட்டத்தைத் திருத்தி, நாடு முழுவதற்கும் ஒரே விதி என்று ஆக்கினார்கள். இன்றும் பல ஊர்களில் கிடைப்பதில்லை. இதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது, வரத்தான் வேண்டும்.

பெரியவர் வீட்டில் மருமகள் காலண்டர் தாளின் பின்பக்கம் கடிகாரப் படம் போட்டு ஒட்டியிருந்தார். காலை ஆறு, பத்து, மதியம் இரண்டு, மாலை ஆறு, ராத்திரி பத்து. பத்து மணிக்கு மட்டும் இரண்டு மடங்கு, நடுராத்திரியில் எழுப்ப வேண்டாமே என்று. மாத்திரையை ஸ்பூனில் நசுக்கி, கொஞ்சம் தண்ணீரில் கலக்கி, ஸ்டென்ட் வழியாக இறங்கும்படி மெதுவாகக் கொடுப்பார். கூடவே மலச்சிக்கலுக்கு மாத்திரை. அதை மறந்தால் வலி நின்ற சந்தோஷம் மூன்றாம் நாள் போய்விடும் என்று சிஸ்டர் முதல் நாளே எச்சரித்திருந்தார். “இப்ப எத்தனை பைசா?” என்று கேட்டோம். “பத்துப் பைசா இருக்குங்க, அது இருந்துட்டுப் போகட்டும்” என்றார்.

இதை எழுதிய உடனே சிலர் கேட்பார்கள் என்று தெரியும். எங்கள் சீனியர்களே கேட்டார்கள். “நோயாளிக்கே சொல்லணும்கறது எல்லாம் மேல்நாட்டுப் பழக்கம். நம்ம ஊரில் குடும்பம்தான் முடிவெடுக்கும்.” குடும்பம் முடிவெடுக்கட்டும். ஆனால் நோயாளியும் அந்தக் குடும்பத்தில் ஒருவர்தானே? நம் சட்டமும் இதில் தெளிவாகவே பேசியிருக்கிறது. 2008-ல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பரிசோதனைக்கான லேப்ராஸ்கோப்பிக்கு மயக்கம் கொடுத்துப் படுக்க வைத்திருந்த பெண் அவர். வெளியே இருந்த அம்மாவிடம் சம்மதம் வாங்கி, அவருடைய கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, சுயநினைவு திரும்பக்கூடிய, முடிவெடுக்கும் திறனுள்ள ஒரு பெண்ணுக்காக அம்மா கொடுத்த சம்மதம் செல்லாது என்றது நீதிமன்றம். பெற்ற தாயே ஆனாலும் செல்லாது. 2018-ல் அரசியல் சாசன அமர்வு இன்னும் ஒரு படி மேலே போய், கடைசிக் கட்டத்தில் எனக்கு எந்தச் சிகிச்சை வேண்டாம் என்பதை முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையைக் கொடுத்தது. அதற்கான நடைமுறையை 2023-ல் எளிமையாக்கினார்கள். நோய் என்னவென்றே சொல்லாமல் வைத்திருக்கிற ஒருவர் இந்த உரிமையை எப்படிப் பயன்படுத்துவார்?

எல்லோரிடமும் போய் உண்மையைக் கொட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வடகரைப்பதிப் பக்கம் ஒரு அம்மா இருந்தார். சிஸ்டர் அதே கேள்வியைக் கேட்டபோது, “எனக்கு ஒண்ணும் சொல்ல வேண்டாம் சிஸ்டர். என் மக கிட்ட சொல்லிருங்க, அவ பாத்துக்குவா. எனக்கு வலி மட்டும் இல்லாம இருந்தாப் போதும்” என்றார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஆட்டானமி, அதாவது தன் விஷயத்தில் தானே முடிவெடுக்கும் உரிமை என்று பாடத்தில் வருவது இதுவும்தான். தெரிய வேண்டாம் என்று அந்த அம்மா தானே முடிவெடுத்தார். பெரியவர் விஷயத்தில் அந்த முடிவை வேறொருவர் எடுத்திருந்தார்.

டாக்டர் ராஜகோபாலே பொதுவில் சொல்லியிருக்கிற ஒரு அனுபவம் இங்கே முக்கியம். நாக்கில் புற்றுநோயோடு கடும் வலியில் வந்த ஒரு கல்லூரி ஆசிரியருக்கு அவர் நரம்பை மரத்துப்போகச் செய்யும் ஊசி போட்டார். வலி முழுக்க நின்றது. அடுத்து எப்போது வர வேண்டும் என்று அந்த ஆசிரியர் கேட்டபோது, இனி வரத் தேவையில்லை என்று பதில் வந்தது. தன் நோய் குணமாகாது என்பதே அவருக்கு அந்தப் பதிலில்தான் விளங்கியது. அன்றிரவு அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். இதைப் படித்த அன்று என்னால் வேறு எதுவும் படிக்க முடியவில்லை. வலியைப் பார்த்தவர்கள் வலிக்குள் இருந்த மனிதரிடம் பேசவில்லை. மறைத்து வைத்தவர்களும் உடன் நிற்கவில்லை, உண்மை வெளிவந்த நிமிடத்திலும் உடன் யாரும் இல்லை. பிற்பாடு அந்த டாக்டர் தன் வாழ்நாளையே இந்த வேலைக்குக் கொடுத்தார். பிழைப்பில் உச்சத்துக்குப் போகக்கூடிய ஒருவர் அந்த ஒரு மரணத்தை மறக்காமல் வைத்திருந்தாரே, அந்த நேர்மைக்குத்தான் நான் தலைவணங்குகிறேன்.

தலைமை என்றால் கல்லூரியில் எங்களுக்கு யூனிட் சீஃப்பின் முகம்தான் ஞாபகம் வரும். ரவுண்ட்ஸில் அவர் முன்னால் நடப்பார், பின்னால் அசிஸ்டெண்ட்கள், அப்புறம் பி.ஜி.க்கள், கடைசியில் நாங்கள். சிஸ்டருக்கு அப்படி எந்தப் பதவியும் இல்லை, ஒப்பந்தச் சம்பளம்தான். ஆனால் ஒருநாள் மெடிக்கல் ஆபீசர் கூட வந்தபோது, அவர் நின்றபடியே பேச ஆரம்பித்ததும், சிஸ்டர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து நோயாளியின் முகத்துக்கு நேரே போட்டு, “சார், இங்க உட்காருங்க, அவருக்கு அந்தக் காது கேட்காது” என்றார். சார் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகு பேச்சே மாறிவிட்டது. பஞ்சாயத்து மீட்டிங்கிலும் அப்படித்தான். எந்த வீட்டுக்குத் தண்ணீர்ப் படுக்கை வேண்டும், யாருக்கு அரிசி இல்லை என்று ஆஷா பணியாளர் சொல்வதைத்தான் முதலில் கேட்பார். தன்னுடைய கருத்து கடைசியில்தான் வரும். வார்டு மெம்பர் கட்சிப் பேச்சு எடுத்தால், “அந்த அம்மாவுக்குப் படுக்கைப்புண் வந்தாச்சு” என்று விஷயத்துக்கு இழுத்து வந்துவிடுவார்.

பெரியவர் மழைக்காலத்துக்கு முன்னால் வீட்டிலேயே இறந்துபோனார். நான் அப்போது ஹாஸ்டலில் இருந்தேன். மகன்தான் போன் செய்து சொன்னார்.

வார்டுக்குத் திரும்பிய பிறகு, கேஸ் எடுக்கும்போது ‘என்ன தொந்தரவு’ என்று கேட்பதற்கு முன்னால், “உங்ககிட்ட என்ன சொல்லியிருக்காங்க?” என்று கேட்கத் தொடங்கினேன். ஆண்களிடம் இது ஓரளவு நடக்கிறது. பெண்களிடம்தான் கஷ்டம். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயோடு வரும் அம்மாவிடம் கேட்டால் வீட்டுக்காரர் பதில் சொல்வார். சிஸ்டரிடம் போனில் யோசனை கேட்டேன். வீட்டுக்காரரை மருந்துச் சீட்டோடு பார்மஸிக்கு அனுப்பிவிட்டு அந்த ஐந்து நிமிடத்தில் பேசு என்றார். அது பலிக்கிறது, ஆனால் ஐந்து நிமிடம் போதவில்லை. அதோடு நாற்பது கட்டில் இருக்கிற ஹாலில் இதையெல்லாம் பேசினால் பக்கத்துக் கட்டில்காரர்களும் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

வார்டின் கோடியில் ஒரு சின்ன அறை இருக்கிறது. இப்போது அதில் ஓடாத ஈ.சி.ஜி. மெஷினும் சக்கரம் உடைந்த டிராலிகளும் கிடக்கின்றன. அதைக் காலி செய்து, நான்கு நாற்காலி போட்டு, நோயாளியோடும் வீட்டாரோடும் உட்கார்ந்து பேசுவதற்குத் தர வேண்டும் என்று சூப்பரிண்டெண்டுக்குக் கடிதம் எழுதியிருக்கிறோம். எங்கள் பேட்ச்சில் பெரும்பாலோர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். யூனிட் சீஃப்பிடம் காட்டினேன். படித்துப் பார்த்துவிட்டு, கதவுக்கு உள்தாழ்ப்பாளும் வேண்டும் என்று ஒரு வரி சேர்த்துக் கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமை ஆபீஸில் கொடுக்கப் போகிறோம்.